துணி காயாத வீடு

செப்டம்பர் 9

கொடைக்கானலுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. கடைசிப் பெட்டியை இன்றுதான் பிரித்தோம். உள்ளே இந்த டைரி இருந்தது. சிவகாசியில் நான் சூப்பர்வைசராக இருந்த அச்சகத்தில் கழித்துப் போட்டது. நவம்பரில் பதினேழாம் தேதி இரண்டு தடவை அச்சாகிவிட்டதால் அந்தக் கட்டு முழுவதும் வீணாகிப் போனது. ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கிறதே, அதில் என்ன நஷ்டம் என்று ஒன்றை எடுத்து வைத்திருந்தேன்.

வேலை பார்த்த காலமெல்லாம் காலண்டர் அச்சடித்தேன். பனிமலை, புல்வெளி, புகைபோக்கி வைத்த வீடு. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே மசி நாற்றம், கையில் அந்த ஈரமான படம். ஓய்வு பெற்றால் அப்படி ஒரு வீட்டில்தான் இருப்பது என்று முடிவு செய்திருந்தேன். பிள்ளை குட்டி இல்லை, தடுப்பதற்கு ஆளும் இல்லை. பி.எஃப். பணம் முழுவதையும் போட்டு வாங்கியும் காட்டிவிட்டேன்.

சகலை சௌந்தரபாண்டி மட்டும்தான் முட்டுக்கட்டை போட்டார். "அண்ணாச்சி, ஒரு வருசம் வாடகைக்கு இருந்து பாத்துட்டு வாங்குங்களேன்" என்றார். அருப்புக்கோட்டையில் ஆணியும் கீலும் விற்கிறவருக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்?

நாலு நாளாக மழை. வீட்டுக்காரி ஜெயக்கொடி துணிகளை நாற்காலி முதுகில் விரித்திருக்கிறாள். உட்கார இடமில்லை.

செப்டம்பர் 14

இன்றும் வெயில் இல்லை. பொதுவாகவே இந்த வீட்டுக்கு வெயில் வருவதில்லை. தெற்கே மேடு, அதன்மேல் வரிசையாக சைப்ரஸ் மரங்கள். இதைக் குறையாக எழுதவில்லை. இந்த நிழலுக்காகத்தான் வீட்டையே வாங்கினேன்.

மே மாதம் பார்க்க வந்தபோது கரட்டுப் பாதையில் ஏறி வந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது. இந்த மரங்களுக்கு அடியில் வந்து நின்றதும் உடம்பு சில்லென்று ஆனது. எங்கள் ஊரில் ஒரு வேப்பமர நிழலுக்குப் பத்துப் பேர் போட்டி போடுவார்கள். இங்கே வீடு முழுவதுமே நிழல். விற்றவரிடம், "நாள் முழுக்க இப்படியேதான் இருக்குமா?" என்று கேட்டேன். "வருசம் முழுக்க இப்படியேதான் சார்" என்றார். பேரமே பேசவில்லை. எதிர்ச்சரிவில் இதைவிடக் குறைந்த விலைக்கு ஒரு வீடு இருந்தது. அதன் முற்றத்தில் வெயில் சுள்ளென்று அடித்ததால் உள்ளேகூடப் போகவில்லை.

ஜெயா அன்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "துணியெல்லாம் எங்கங்க காயப் போடுறது?" நானும் தரகரும் சிரித்தோம். ஊட்டி, கொடைக்கானல் என்று உலகமே வந்து விழுகிறது, இவளுக்குத் துணிதான் கவலை.

செப்டம்பர் 22

வேட்டியில் நாய் நனைந்த வாடை. துவைத்து நாலு நாள் ஆயிற்று.

அக்டோபர் 3

கணப்பு அடுப்பில் முதன்முதலாகத் தீ மூட்டினேன். காலண்டரில் வருகிற மாதிரியே இருந்தது. ஜெயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து, "பாதம் உறைக்குதுங்க" என்றாள். நன்றாக இருக்கிறது என்பதை அவள் அப்படித்தான் சொல்லுவாள்.

ஜீப்பில் விறகு கொண்டுவந்து போடுகிறவர் சொன்ன விலையைக் கேட்டுத்தான் எனக்கு உறைத்தது. ஒரு சுமை விறகு ஒரு வாரம் வராது. காட்டில் சுள்ளி பொறுக்கலாமா என்றேன். வனத்துறை பிடிக்கும் என்றார். வீட்டு மரங்களையாவது வெட்டலாமா என்றேன். மலையில் மரம் வெட்ட மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டுமாம். என் பென்ஷனைப் பென்ஷன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கும். மாதம் ஒரு சுமைக்கு மேல் முடியாது. சனி, ஞாயிறு மட்டும் தீ மூட்டுவது என்று வைத்துக்கொண்டோம்.

மற்ற நாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். சுவரில் மேலே காற்றுத் துளைகள் இருக்கின்றன. குளிர் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. காலண்டர் அட்டையை அளவாக வெட்டி எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். ஓரத்துக்கு மைதாப் பசை. இனி ஊசி முனை அளவு காற்றுகூட வராது.

அக்டோபர் 11

மின்கட்டணம் வந்தது. போன மாதம் வாங்கின ஹீட்டரின் வேலை. பகலிலெல்லாம் போட்டு வைத்திருக்கிறாள். கோபப்படவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னேன்: "அந்த ஹீட்டரைக் கட்டிக்கிட்டே உக்காந்திருக்கிறதுக்கு என்னைய எதுக்குக் கட்டிக்கிட்ட?"

ஜெயா சிரித்தாள்.

அக்டோபர் 20

ஜெயா குளிருக்கு நன்றாகப் பழகிவிட்டாள். ஹீட்டரைத் தொடுவதே இல்லை. நான் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்ததும் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. அவள் இரண்டு போர்வையைப் போர்த்திக் கட்டிலில் படுத்திருந்தாள். குளிருதா என்றேன். "இல்லீங்க, சும்மா படுத்தேன்" என்றாள். காலில் என் சாக்ஸ்.

படுக்கை அறைச் சுவரில் ஒரு மூலை கறுத்திருக்கிறது. பூஞ்சை என்று சொல்லும் அளவுக்கு இல்லை. பழைய கட்டடம், சுண்ணாம்புச் சுவர், கொஞ்சம் நிறம் மாறத்தான் செய்யும். துடைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு காலண்டர் மாட்டினேன். எங்கள் அச்சகத்தில் அடித்ததிலேயே சிறந்தது, ஏரியும் பனிமலையும். அறைக்கே ஒரு களை வந்துவிட்டது.

அக்டோபர் 27

இன்னும் நாலு காலண்டர் மாட்டினேன்.

நவம்பர் 1

தீபாவளிக்கு சகலையும் பூங்கொடியும் வந்து மூன்று நாள் இருந்துவிட்டு இன்று காலை இறங்கினார்கள். பூங்கொடி ஜெயாவின் தங்கை. அக்காவைப் பார்த்ததும், "என்னக்கா இப்படி வெளுத்துப் போயிட்ட?" என்றாள். மலைக்கு வந்தால் நிறம் கொடுக்கும் என்று நான் சொன்னேன்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாளே சுமை விறகு வாங்கிவிட்டேன். மூன்று நாளும் தீ எரிந்தது. ஹீட்டர் இரவும் பகலும் ஓடியது. சகலை கையைத் தேய்த்துக்கொண்டு, "அண்ணாச்சி ராஜா மாதிரி இருக்கீக" என்றார். அந்த வார்த்தைக்காக எவ்வளவு வேண்டுமானாலும் எரிக்கலாம் என்று இருந்தது. இந்த மாதம் இனி விறகு இல்லை. பரவாயில்லை.

இன்று காலை கிளம்பும் முன் சகலை கௌரி நல்ல நேரம் பார்க்கிறேன் என்று படுக்கை அறைக் காலண்டரைத் தூக்கிப் புரட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நேராக மாட்டிவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். சுவரைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்திருந்தால் சும்மா விடுகிற ஆள் இல்லை.

நவம்பர் 9

ஜெயாவுக்குப் பக்தி கூடிவிட்டது. தினமும் காலையில் முருகன் கோயிலுக்குப் போகிறாள். மத்தியானம்தான் வருகிறாள். சிவகாசியில் இருந்தவரை வெள்ளிக்கிழமைகூடப் போகமாட்டாள். வரும்போது முகம் தெளிவாக இருக்கிறது. இருமலும் அப்போது குறைவாக இருக்கிறது. விபூதி மட்டும் தினமும் மறந்துவிடுகிறாள்.

கோயிலுக்கு எதற்கு அவ்வளவு பெரிய கட்டைப்பை என்று கேட்டேன். வருகிற வழியில் காய் வாங்க என்றாள். இன்று காய் எதுவும் வாங்கவில்லை. ஆனால் என் வேட்டியில் இரண்டு வாரமாக அந்த வாடை இல்லை. துவைக்கிற சோப்பை மாற்றியிருக்கிறாள் போல.

நவம்பர் 17

ஜெயாவுக்கு இருமல் விடவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனேன். குளிர்ச்சிதான் என்று சொல்லி ஒரு டானிக்கும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். வரும் வழியில் காரட் வாங்கினோம்.

நவம்பர் 17

அச்சுப்பிழைப் பக்கம். வெள்ளையாக விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முந்தின பக்கத்தில் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்து, "வீட்ல ஓதம், பூஞ்சை எதுவும் இருக்குதாங்க? சுவர்ல கறுப்பா?" என்றார். ஜெயா வாயைத் திறந்தாள். அதற்குள் நான், "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர். பழைய காலத்துக் கல் கட்டடம்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே எழுதினார்.

ஜெயா கைப்பை ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். யாரோ ஒருவர் முன்னால் என் வீட்டை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

நவம்பர் 25

இன்று காலை கொஞ்ச நேரம் மேகம் விலகியது. நம் பக்கம் வழக்கம்போல நிழல். எதிர்ச்சரிவு முழுவதும் வெயிலில் பளிச்சென்று இருந்தது. சமையல்கட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் நான் உள்ளே போகாமல் திரும்பிய வீட்டுக்கு அடுத்த வீடு. முற்றத்தில் கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். ஒரு மயில் போட்ட போர்வை. எங்களிடம் இருப்பது போலவே. பக்கத்தில் நீலக் கட்டம் போட்ட கைலி. அதுவும் எங்களிடம் இருப்பது போலவே. அதற்கு அடுத்து, தையல் விட்டு ஒரு தோள் தனியே தொங்கும் என் பனியன்.

கொடிக்குக் கீழே ஒரு நாற்காலி. அதில் ஜெயாவின் அரக்கு நிறச் சால்வை.

முருகன் கோயில் அந்தப் பக்கம் இல்லை.

நவம்பர் 26

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த வீட்டு அம்மாவின் பெயர் செசிலி. ரோஜா நாற்று வளர்த்து விற்கிறார். நான் யாரென்று கேட்கவே இல்லை. "வாங்கண்ணே, அக்கா தூங்குறாங்க" என்று மெதுவாகச் சொல்லி முற்றத்தைக் காட்டினார்.

ஜெயா நாற்காலியில் முகத்தை வெயிலுக்குக் கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் சிமெண்ட் தரையில் அழுத்தி வைத்திருந்தாள். நம் வீட்டில் அவள் இப்படித் தூங்கி நான் பார்த்து நாளாகிவிட்டது.

"தெனமும் வந்திருவாங்கண்ணே. மொத நாளு துணியக் காயப் போட்டுக்கவான்னு கூச்சப்பட்டுக்கிட்டே கேட்டாங்க. வெயிலு என்ன நான் வெலைக்கா வாங்குறேன்?" என்றார் செசிலி. அவராகவே மேலும் சொன்னார். "உங்க பக்கத்துக்கு எங்க ஊர்ல இருட்டுப் பக்கம்னுதாண்ணே பேரு. இங்கத்து ஆளுக யாரும் அங்கன வாங்கமாட்டாங்க. கீழேருந்து வர்றவங்கதான் நெழல் நெழல்னு வந்து வாங்குவாங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவரு ரெண்டு வருசம் இருந்தாரு. காத்துப் போற தொளையெல்லாம் தொறந்து வச்சிருக்கீங்கள்ல? அடைச்சா ஓதம் ஏறும்."

திறந்துதான் இருக்கிறது என்றேன். இந்தப் பொய்யும் அதுவாகவே வந்தது.

ஜெயா விழிக்கும் முன் கிளம்பிவிட்டேன். நான் வந்ததைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஹீட்டரைப் போட்டு வைத்தேன், அவள் வரும்போது அறை சூடாக இருக்கட்டும் என்று. அவள் உள்ளே நுழைந்ததும், "ஆளில்லாத அறைக்கு எதுக்குங்க இது ஓடுது?" என்று நிறுத்தினாள்.

"கோயில்ல கூட்டமா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. யாருமே இல்ல."

இருக்கட்டும், ஓடட்டும், போட்டுக்கோ என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அவள் அதற்குள் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். நானும் பேப்பரை எடுத்துக்கொண்டேன். அன்று நான் சொன்ன ஹீட்டர் வேடிக்கை அவளுக்கு வேடிக்கையாக இல்லை என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அதுவும் எத்தனை நாள் கழித்து.

டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை போகிறேன்.

நவம்பர் 30

மழை. எதிர்ச்சரிவும் தெரியவில்லை. ஜெயா வீட்டிலேயே இருக்கிறாள். திங்கட்கிழமை போக முடியவில்லை.

டிசம்பர் 4

மழை. காலண்டரைத் தாண்டிக் கறுப்பு வெளியே வந்துவிட்டது. ஏரிப் படத்தின் ஓரத்தில் அது இன்னொரு மலை போல ஏறிக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் 10

வத்தலக்குண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எட்டாம் தேதி மத்தியானம் ஜெயாவுக்கு உடம்பு நடுங்கியது. ஹீட்டரைப் போட்டேன், ஃப்யூஸ் போய்விட்டது. கடனுக்குக் கொஞ்சம் விறகு வாங்கி வந்து கணப்பில் தீ மூட்டினேன். மழையில் கிடந்த விறகு, புகைதான் வந்தது. ஊதினேன், விசிறினேன். புகைபோக்கியும் ஈரம், புகை அறைக்குள்ளேயே திரும்பியது. வெளியே போக அதற்கு வழி இல்லை. எல்லா வழியையும் நான்தான் அட்டை வைத்து ஒட்டியிருந்தேன்.

ஜெயாவுக்கு மூச்சு வாங்கியது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தோளைத் தூக்கித் தூக்கி இழுத்தாள். நான் நாற்காலிமேல் ஏறி அட்டையைப் பிய்த்தேன். நல்ல பசை, எளிதில் வரவில்லை. ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருக்கலாம். "விழுந்திராதீங்க" என்றாள்.

விறகு ஜீப்காரர்தான் கீழே கொண்டுவந்து சேர்த்தார். இங்கே உள்ள பெரிய டாக்டரம்மாவும் அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை ஜெயாவால் பேச முடியாது, முகத்தில் மாஸ்க். நான் சொன்னேன். "இருக்கு டாக்டர். சுவர் முழுக்க இருக்கு. காலண்டர் மாட்டி மறைச்சு வச்சிருக்கேன். போன மாசம் மேல ஒரு டாக்டர் கேட்டப்ப இல்லைன்னு சொல்லிட்டேன்."

"அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா" என்று ஆரம்பித்தவர் மேலே சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைத்தான் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 13

அந்தப் பூஞ்சைத் தூசியால் நுரையீரல் புண்ணாகிவிட்டதாம். கொஞ்சம் ஆறும், முழுக்க ஆறாது. மாடிப்படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, அந்த வீட்டுக்குள் இனிமேல் காலெடுத்து வைக்கக்கூடாது. டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

சகலை வந்துவிட்டார். அவர் ஒரு பாட்டம் திட்டட்டும் என்று மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தீபாவளிக்கே பாத்தேன் அண்ணாச்சி. காலண்டருக்குப் பின்னாடி. சொன்னா நீங்க மொகத்தத் திருப்பிக்கிருவீகன்னு பேசாம வந்துட்டேன். சொல்லியிருக்கணும். தப்பு எம்மேலதான்."

ஜெயா சொல்லவில்லை, செசிலி வீட்டுக்குப் போவதைக்கூடச் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை. என் முகம் கோணிவிடக் கூடாது என்று எல்லோரும் பொறுத்துப் போயிருக்கிறார்கள். என்னிடம் உண்மை பேச முடியாது என்று நான் பெயர் வாங்கியிருக்கிறேன். இதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 19

ஜெயாவை அருப்புக்கோட்டைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். "நீங்களும் வாங்க அண்ணாச்சி, ரூமு சும்மாதான் கெடக்கு" என்றார் சகலை. வீட்டை விற்றுவிட்டு வருகிறேன் என்றேன். இருக்கிற காசெல்லாம் இந்தச் சுவருக்குள் இருக்கிறது. வெறுங்கையோடு சகலை வீட்டு வாசலில் போய் நிற்க மனம் இடம் கொடுக்கவில்லை.

கார் கிளம்பும்போது ஜெயா கண்ணாடியை இறக்கி, "ஹீட்டரப் போட்டுக்கோங்க" என்றாள்.

டிசம்பர் 31

போடவில்லை. போட்டுக்கொள்கிறேன் என்றுதான் போனில் சொல்லி வருகிறேன்.

ஜனவரி 12

டைரி முடிந்துவிட்டது. கடைசியில் முகவரி எழுத விட்ட பக்கங்களில் எழுதுகிறேன். இங்கே எழுதிவைக்க எனக்கு அத்தனை பேர் இல்லை.

உறைபனி. காலையில் வாளித் தண்ணீரில் கை வைத்தால் வலிக்கிறது. ஜெயாவின் கட்டிலில் நான் படுத்துப் பார்த்தேன். அவள் தலை வைக்கும் பக்கம்தான் சுவர் அதிகம் கறுத்திருக்கிறது. வந்த புதிதில் மலை தெரிகிறது என்று ஜன்னல் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

போனில் ஜெயா, "இங்க இப்பவே வேர்க்குதுங்க" என்றாள். குரல் நடுவில் நின்று நின்று வருகிறது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு வாங்குகிறாள்.

நான் தினமும் துணியை எடுத்துக்கொண்டு செசிலி வீட்டுக்குப் போகிறேன். அதே நாற்காலியைப் போடுகிறார். நான் அதில் உட்காருவதில்லை, திண்டில் உட்கார்ந்துகொள்கிறேன்.

பிப்ரவரி 20

தரகர் வந்தார். எனக்கு இந்த வீட்டை முடித்துக் கொடுத்த அதே ஆள். "இப்ப எவன் சார் வாங்குவான்? ஏப்ரல் கடைசி வரட்டும். கீழ கொளுத்துறப்ப வருவாங்க பாருங்க, கேட்ட வெலைக்கு முடிச்சுத் தர்றேன். அதுக்குள்ள ஒரு பெயிண்ட் அடிச்சு வைங்க." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்து, "அந்தக் காலண்டரையெல்லாம் எடுத்திராதீங்க. நல்லாருக்கு" என்றார்.

ஏப்ரல் 26

பெயிண்ட் காய்ந்தது போல் இருக்கிறது. வந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து ஒரு புருஷன், பெண்டாட்டி. அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஏறி வந்த களைப்பில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மரத்தடிக்கு வந்ததும் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"ஆகா, என்னா நெழலு. இந்த நெழலுக்கே காசு குடுக்கலாமே. நாள் முழுக்க இப்படித்தானா சார்?"

தரகர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தலையாட்டினால் பொய் ஆகாது என்று ஒரு கணக்கு.

அவர் சொன்ன விலையில் அருப்புக்கோட்டையில் ஒரு சின்ன வீடு வாங்கலாம். தரைத்தளம், படி இல்லாதது, ஜெயாவுக்கென்று ஒரு முற்றம். பூங்கொடி பார்த்தும் வைத்திருக்கிறாள். சகலை வீட்டில் ஒண்ட வேண்டியதில்லை. முன்பணத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன் என்றார் அவர். ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எனக்கு விற்றவரும் அதைத்தான் செய்தார்.

அந்த அம்மா எதுவும் பேசாமல் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு போனார். பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். திரும்பி என்னிடம் கேட்டார்.

"துணியெல்லாம் எங்கண்ணே காயப் போடுவீக?"

புருஷன் சிரித்தார். "இவளுக்கு எங்க போனாலும் துணி நெனப்புதான்." தரகரும் சிரித்தார்.

நான் படுக்கை அறைக்குப் போய் ஏரிப் படத்தை ஆணியிலிருந்து எடுத்தேன். புதுப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு கறுப்பு மறுபடி வந்திருந்தது. அடுத்ததையும் எடுத்தேன். எல்லாவற்றையும் எடுத்துக் கட்டில்மேல் போட்டேன்.

"காயாதும்மா" என்றேன். "இங்க எதுவும் காயாது. என் வீட்டுக்காரி இதையேதான் கேட்டா. நானும் சிரிச்சேன். எதிர்ப்பக்கம் வீடு கெடைச்சா வாங்குங்க. இல்லாட்டி உங்க ஊர்லயே இருங்க."

அந்த அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை முந்தானையில் துடைத்தார். "அக்கா எங்கண்ணே?" என்று கேட்டார். உடம்பு சரியில்லை, ஊரில் இருக்கிறாள் என்றேன்.

தரகர் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மே 2

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டேன். காரட் மண்டிக்காரர் எடுத்துக்கொண்டார், மூட்டை அடுக்கி வைக்க. உள்ளே வந்து பார்த்து, "காரட்டுக்கு இத மாதிரி எடம் கெடைக்காது சார், வாடவே வாடாது" என்று மகிழ்ந்துபோனார். வாடகை சொற்பம். கோவில்பட்டிக்காரருக்கு அடுத்து, என் வீட்டை மனதாரப் பாராட்டிய இரண்டாவது ஆள்.

செசிலியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அக்காவுக்கு என்று ஒரு ரோஜா நாற்று கொடுத்தார். அருப்புக்கோட்டை வெயிலுக்குத் தாங்குமா என்றேன். "வெயிலுக்குத் தாங்கும்ணே" என்றார்.

மே 4

அருப்புக்கோட்டை.

பஸ் ஸ்டாண்டுக்கு சகலை ஸ்கூட்டரில் வந்திருந்தார். பெட்டியை வாங்கிக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டார். "சாப்டீகளா அண்ணாச்சி?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. வீடு விலை போனதா என்றுகூடக் கேட்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வரும்போது, "நீங்க அன்னைக்குச் சொன்னதக் கேட்டிருக்கணும் தம்பி" என்றேன். காற்றில் கேட்டதோ இல்லையோ, அவர் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி என் முழங்காலைத் தட்டினார்.

ஜெயா மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகத் தெரிந்தாள். பக்கத்தில் ஒரு வாளி, பிழிந்த துணி. நான் என்னவெல்லாமோ பேச வேண்டும் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாளியைக் காட்டினாள்.

"இத்தன நாளும் பூங்கொடிதான் போட்டா. என்னால ஏற முடியலங்க. இனிமே நீங்க போடுங்க."

எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். தரை செருப்பில்லாமல் நிற்க முடியாத சூடு. ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டு கிளிப் மாட்டினேன். கடைசித் துணியைப் போட்டுவிட்டு, படிக்கட்டு நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்து முதலில் போட்ட சேலையைத் தொட்டால், காய்ந்து மொரமொரவென்று இருந்தது. தலைக்கு மேலே அவ்வளவு வெயில். ஒரு பைசா கொடுக்காமல் கிடைக்கிற வெயில். இதிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய், என் காசையெல்லாம் கொட்டி, அந்த இருட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அழுதேன். பக்கத்து மாடியில் யாரும் இல்லை.

"காஞ்சிருச்சாங்க?" என்று கீழேயிருந்து ஜெயா கேட்டாள். கேட்டு முடித்ததும் இருமினாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தச் சேலையை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். ஜெயா அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். பிறகு எடுத்துக் கன்னத்தில் வைத்தாள்.

"சூடா இருக்குங்க" என்றாள்.

அந்தச் சூடு ஆறும்வரை அவள் அதை மடிக்கவில்லை.